ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து குல்மார்குக்கு 23 பேர்: வண்டியை எப்படி ஏற்பாடு செய்வது?

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். டெல்லி துவாரகாவில் உங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்களும் பெங்களூரு உறவினர்களுமாக 23 பேர், ஜனவரி 24 அன்று குல்மார்குக்குப் பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள். ஒன்பது பேர் காலை 10.25-க்கும், ஆறு பேர் மதியம் 1.15-க்கும், டெல்லியில் விமானம் மாறி வரும் பெங்களூர்க்காரர்கள் எட்டுப் பேர் 3.25-க்கும் ஸ்ரீநகரில் இறங்குகிறார்கள். கடைசி ஆள் வந்ததும் எல்லோரும் 27 இருக்கை பஸ் ஒன்றில் ஏறிப் போகலாமா, அதற்கு வாடகை எவ்வளவு என்பது உங்கள் கேள்வி. ஆனால் 72 வயது அம்மா வருகிறார், நாலு குழந்தைகள் இருக்கிறார்கள், இரண்டு பேர் சொந்தமாக ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) கொண்டு வருகிறார்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதையெல்லாம் சேர்த்துப் படித்தால், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இத்தனை பேரும் இருட்டுவதற்குள் அறைக்குப் போய்ச் சேர்வார்களா என்பதுதான். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். வாடகை விஷயம் நடுவில் வரும்.

நான் டெல்லியில் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். கரோல் பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களைக் குளிர்காலத்தில் காஷ்மீருக்கு அனுப்பிவைப்பது பல வருடங்களாக என் வேலை. குழுப் பயணங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் மலையில் அல்ல, விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு மதிய நேரத்தில்தான் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பஸ் வேண்டாம். அதைவிட முக்கியமாக, எல்லோரும் எல்லோருக்காகவும் காத்திருக்கும் திட்டம் வேண்டாம்.

காரணம் அந்தச் சாலை. விமான நிலையத்திலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். ஸ்ரீநகர் ஊருக்குள் நுழையாமல் மாகாம் வழியாக டங்மார்க் என்ற ஊர் வரை ஏறக்குறைய சமவெளிச் சாலை; ஆப்பிள் தோட்டங்களும் கடைத்தெருக்களும்தான் வழியெல்லாம். அது வரைக்கும் எந்த வண்டியும் போகும். டங்மார்க்கிலிருந்து குல்மார்க் 13 கிலோமீட்டர். ஊசியிலைக் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும் அந்த 13 கிலோமீட்டரில் சாலை சுமார் 500 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. பனி பெய்திருந்தால் டங்மார்க்கில் போலீஸ் நிற்கும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியோ, சக்கரத்தில் செயின் மாட்டிய வண்டியோ இல்லாவிட்டால் மேலே விடமாட்டார்கள். பஸ்ஸும் டெம்போ டிராவலரும் அங்கேயே நின்றுவிடும். அதற்கப்புறம் உள்ளூர் ஸ்டாண்டில் இருக்கும் சுமோவோ பொலேரோவோதான்.

ஜனவரி 24 என்பது சில்லாய் கலான் காலம். டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாட்களைக் காஷ்மீரிகள் அப்படிச் சொல்வார்கள். வருடத்தின் கடுங்குளிர் அப்போதுதான். அந்தத் தேதியில் சாலையில் பனி இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுவதுதான் சரி. இல்லாமல் போனால் லாபம். ஆகவே குழுவுக்கு வண்டி பேசும்போது விமான நிலையத்திலிருந்து யோசிக்கத் தொடங்காதீர்கள். கடைசி 13 கிலோமீட்டரை யார், எந்த வண்டியில், எத்தனை மணிக்கு ஏற்றிவிடப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

அப்படிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் உங்கள் பஸ் திட்டம் எங்கே உடைகிறது என்று தெரியும். ஜனவரிக் கடைசியில் ஸ்ரீநகரில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மேகம் கவிந்த நாளில் மலையில் ஐந்தரைக்கே இருட்டிக்கொண்டு வரும். இருட்டியதும் பகலில் உருகிய தண்ணீர் சாலையில் கண்ணாடி மாதிரி உறையும். அனுபவமுள்ள டிரைவர்கள் பயப்படுவது புதுப் பனிக்கு அல்ல, இந்தக் கண்ணாடிக்குத்தான். 3.25 விமானம் சரியான நேரத்துக்கே இறங்கினாலும் பெட்டிகள் வந்து, ஆட்களை எண்ணி, பஸ் கிளம்ப நாலேகால் ஆகும். டங்மார்க் போகும்போது ஆறு மணி. அங்கே 23 பேரும் பெட்டிகளோடு பனியில் இறங்கி, நாலைந்து சுமோக்களைப் பேரம் பேசி ஏற வேண்டும். காலை பத்தரைக்கே வந்த உங்கள் அம்மா அதுவரை விமான நிலைய நாற்காலியில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பார். இவ்வளவும் எந்த விமானமும் தாமதமாகாத நாளில்.

அதனால் மூன்று விமானத்துக்கும் மூன்று தனி ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு குழுவும் இறங்கியதும் கிளம்பிவிட வேண்டும். பின்னால் வருபவர்களுக்காக யாரும் நிற்கக் கூடாது. இதைக் குடும்பங்களுக்குள் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு: ‘அவங்களும் வந்துரட்டும், சேர்ந்தே போயிடலாம்’ என்று யாராவது அன்பாகச் சொல்வார்கள், மற்றவர்கள் மறுக்கத் தயங்குவார்கள். விமான நிலைய வாசலில் அந்தப் பேச்சு எழுந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். வீட்டிலிருக்கும்போதே எழுதிவைத்துவிட்டால் அங்கே யாருக்கும் மனத்தாங்கல் வராது.

இனி எந்த வண்டி என்பது. காகிதத்தில் இன்னோவாவுக்கு ஓட்டுநர் போக ஆறு பேர். குளிர்கால லக்கேஜோடு அது நாலு பேர் வண்டி. தடிமனான ஜாக்கெட்டே ஆளுக்கு அரை இருக்கையை அடைத்துக்கொள்ளும். 12 இருக்கை டெம்போ டிராவலரில் எட்டு ஒன்பது பேர் பெட்டிகளோடு வசதியாகப் போகலாம். உங்கள் மதியக் குழுவுக்கும் பெங்களூர்க் குழுவுக்கும் குழுவுக்கு ஒன்றாக 12 இருக்கை டெம்போ போதும். சாலை காய்ந்திருந்தால் அதுவே குல்மார்க் வரை போய்விடும். பனி இருந்தால் டங்மார்க்கில் மாற வேண்டும். அந்த மாற்று வண்டியை ஹோட்டல் மூலமாக முன்பே சொல்லிவையுங்கள். குல்மார்க் ஹோட்டல்கள் பலவும் டங்மார்க்குக்குத் தங்கள் ஆளையும் வண்டியையும் அனுப்பும். கேட்டால்தான் செய்வார்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

அம்மா வரும் முதல் குழுவுக்கு மட்டும் வேறு மாதிரி செய்வேன். ஒன்பது பேருக்கு ஒரு டெம்போவுக்குப் பதிலாக, செயின் உள்ள ஸ்கார்ப்பியோ, சுமோ போன்ற வண்டிகள் இரண்டு. லக்கேஜ் அதிகம் என்றால் மூன்று. செலவு கூடும். ஆனால் அவர் விமான நிலைய வாசலில் ஏறி ஹோட்டல் வாசலில் இறங்குவார், நடுவில் சறுக்கும் தரையில் கால் வைக்க வேண்டியதில்லை. 23 பேரின் செலவில் எங்கே மிச்சம் பிடித்தாலும் இந்த இடத்தில் பிடிக்காதீர்கள்.

செயின் மாட்டுவதைப் பார்த்திராதவர்களுக்கு அது ஏதோ கோளாறு சரிசெய்வது போலத் தோன்றும், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். டிரைவர் சாலையோரம் நிறுத்தி, டிக்கியிலிருந்து ஒரு சாக்குப் பையைத் தரையில் விரிப்பார். இரும்புச் சங்கிலி வலையைப் பின்சக்கரத்தின் மேல் போர்த்தி, வண்டியை ஒரு முழம் முன்னால் உருட்டி, சக்கரத்துக்கு உள்பக்கம் கைவிட்டுக் கொக்கியைப் பூட்டுவார். பிறகு ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டுவார். கை விறைத்துப்போகும் வேலை. நடுநடுவே பிரன் என்ற நீளமான கம்பளி அங்கிக்குள் வைத்திருக்கும் காங்ரியில், அதாவது சிறிய கணப்புச் சட்டியில், கையைக் காட்டிக்கொள்வார். பழகிய ஆளுக்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் வண்டிக்குள்ளேயே இருங்கள், குழந்தைகளை இறக்கிவிடாதீர்கள். பின்னால் வரும் வண்டி பிரேக் பிடித்தாலும் நிற்காத சாலை அது. கிளம்பியதும் தரையில் கடகடவென்று சத்தம் கேட்கும், வேகம் ஆள் ஓடுகிற அளவுக்குக் குறையும். அதுதான் சரியான வேகம். ‘ஏன் இவ்வளவு மெதுவா?’ என்று யாரும் கேட்டு அவரை அவசரப்படுத்த வேண்டாம்.

ஸ்கீ கொண்டு வரும் இருவருக்கு: ஸ்கீ பை ஒன்றே முக்கால் மீட்டருக்குக் குறையாத நீளம் இருக்கும். எந்த டிக்கியிலும் நுழையாது. இருக்கைகளுக்கு நடுவே நீட்டி வைத்தால் வண்டி குலுங்கும்போது யார் தலையிலாவது படும். மேலே கேரியர் உள்ள வண்டி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கூடவே கயிறும் தார்பாயும் இருக்கிறதா என்று கேளுங்கள். விமானத்திலும் அதை விளையாட்டுச் சாமானாக முன்பதிவு செய்து தனிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். மற்றவர்கள் எதையும் சுமக்க வேண்டாம். ஸ்கீ, பூட்ஸ், கம்பு எல்லாம் குல்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். நீர்புகாத பூட்ஸும் கோட்டும் டங்மார்க் கடைகளில் வாடகைக்கு இருக்கின்றன. டிரைவர்கள் தெரிந்த கடையில் நிறுத்துவார்கள். முதல் குழுவுக்கு நேரம் இருக்கிறது, அவர்கள் வேண்டுமானால் எல்லோருக்குமாகப் பார்த்து வைக்கலாம். பெங்களூர்க் குழு எந்தக் கடையிலும் நிற்கக் கூடாது என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது டெல்லிப் பக்கம். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வண்டித் திட்டம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. ஜனவரிக் காலையில் டெல்லியில் மூடுபனி எப்படி என்று உங்களுக்கே தெரியும். உங்கள் முதல் விமானம் டெல்லியில் 8.50-க்குக் கிளம்புகிறது, ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகும் என்று எதிர்பார்த்தே இருங்கள். இரண்டாவது விமானம்தான் எனக்கு அதிகக் கவலை. அது 11.40-க்குக் கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். குடியரசு தின ஒத்திகைக்கும் அணிவகுப்புக்குமாக டெல்லி வான்வெளியை ஜனவரி 26-ஐ ஒட்டிய நாட்களில் முற்பகலில் மூடிவிடுவார்கள். 2024-இல் ஜனவரி 19 முதல் 26 வரை தினமும் காலை 10.20 முதல் 12.45 வரை எந்த விமானமும் ஏறவோ இறங்கவோ இல்லை. அந்த நேரத்துக்குள் விழும் டிக்கெட்டை விமான நிறுவனம் பிறகு மாற்றிவிடும். சில நேரம் மாலைக்குக்கூடத் தள்ளிவிடும். மாலைக்குத் தள்ளினால் அந்த ஆறு பேரும் அன்றிரவு குல்மார்க் ஏறக் கூடாது. அதனால் இப்போதே நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பேசி, வான்வெளியை மூடும் நேரத்துக்கு முன்பே டெல்லியிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெல்லியில் அவர்கள் இறங்கும் முனையமும் ஸ்ரீநகர் விமானம் கிளம்பும் முனையமும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். முனையம் 1-ம் முனையம் 3-ம் அடுத்தடுத்த கட்டடங்கள் அல்ல. வெளியே வந்து சாலை வழியாகப் போக வேண்டும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் முதல் விமானத்தின் தாமதம் விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் தவறவிட்ட விமானத்தின் காசு போனதுதான். மூடுபனிக் காலத்தில் தனித்தனி டிக்கெட்டுக்கு நான் சம்மதிப்பதில்லை. சாதாரண முன்பதிவில் ஒரு பிஎன்ஆரில் ஒன்பது பேர் வரைதான் சேர்க்க முடியும் என்பதால் உங்கள் மூன்று குழுவும் மூன்று பிஎன்ஆராக இருப்பது இயல்பு. வண்டிப் பிரிவையும் அதன்படியே வையுங்கள். விமானம் மாறினால் அந்தப் பிஎன்ஆரும் அதற்கான டிரைவரும் சேர்ந்தே மாறுவார்கள், குழப்பமில்லை.

போன் விஷயம் மிக முக்கியம். ஜம்மு காஷ்மீருக்கு வெளியே வாங்கிய பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான். டெல்லியில் அட்டகாசமாக நடக்கும் வாட்ஸ்அப் குரூப் ஸ்ரீநகரில் சக்கரம் தரையைத் தொட்டதும் பாதிப் பேருக்கு ஊமையாகிவிடும். ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இரண்டு போஸ்ட்பெய்டு எண்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், டிரைவர் பெயர், எண், வண்டி எண், ஹோட்டல் எண், டங்மார்க்கில் வரப்போகும் ஆளின் எண் இவற்றையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் குடும்பத்துக்கு ஒன்று கொடுங்கள். எல்லாம் போனில் இருக்கிறது என்று விடாதீர்கள். குளிரில் போன் பேட்டரி திடீரென்று செத்துப்போகும்.

வாடகை. நான் தொகை எழுதப்போவதில்லை, ஏனென்றால் பனி பெய்த மறுநாள் கேட்கும் விலையும் வறண்ட நாளில் கேட்கும் விலையும் ஒன்றல்ல. இன்று ஒரு எண்ணை எழுதினால் ஜனவரியில் அது உங்களைத் தவறான பேரத்தில் இழுத்துவிடும். ஆனால் ஒரே வண்டிக்கு இரண்டு பேர் சொல்லும் தொகை ஏன் அவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று சொல்ல முடியும். ஒருவர் டங்மார்க் வரை சொல்கிறார், இன்னொருவர் குல்மார்க் ஹோட்டல் வாசல் வரை சொல்கிறார். விமான நிலையப் பார்க்கிங், விமானம் தாமதமானால் காத்திருப்புக் கட்டணம், செயின் வாடகை, டங்மார்க்கில் மாறும் வண்டி, டிரைவர் இரவு தங்க நேர்ந்தால் பேட்டா, ஹீட்டர் இதில் எதெல்லாம் சேர்ந்தது என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். ஹீட்டர் என்று தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெம்போவில் ‘ஏசி இருக்கு’ என்பார்கள், பின்வரிசைக்குச் சூடு வருமா என்று கேட்டால்தான் உண்மை தெரியும். முன்பணமாக ஒரு பகுதி மட்டும் கொடுத்து, மீதியை ஹோட்டல் வாசலில் கொடுப்பது அங்கே சாதாரண வழக்கம். முழுத் தொகையையும் முன்னாலேயே கேட்பவரிடம் நான் வண்டி எடுப்பதில்லை.

வண்டி ஜம்மு காஷ்மீர் பதிவெண் உள்ள மஞ்சள் போர்டு டாக்ஸியாக இருக்கட்டும். நண்பரின் சொந்த வண்டி, வெள்ளை போர்டு, விலை குறைவு என்று யாராவது வந்தால் வேண்டாம். விபத்து என்று ஒன்று நடந்தால் காப்பீடு நிற்காது. ஏற்பாடு செய்த வண்டி வராமல் போனால் விமான நிலையத்தில் பிரீபெய்டு டாக்ஸி கவுன்ட்டர் இருக்கிறது. எட்டுப் பேருக்கு அங்கே வண்டி கிடைத்துவிடும். 23 பேருக்கு ஒரே நேரத்தில் கேட்டால் திண்டாட்டம். குழுவைப் பிரிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். டங்மார்க்கில் வண்டியை நிறுத்திச் சோதிப்பது, சிம் விஷயம், சீக்கிரம் இருட்டுவது, மாலைக்குப் பின் சாலை உறைவது இவையெல்லாம் உறுதி. விமான நிலையத்திலிருந்து குல்மார்குக்கு எவ்வளவு நேரம் என்பது பாதி உறுதி: காய்ந்த சாலையில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்; பனியில் மூன்று, சில நாள் அதற்கு மேலும். ராணுவ வண்டிகளின் கான்வாய் வந்தால் எல்லா வண்டியையும் ஓரங்கட்டச் சொல்வார்கள்; குடியரசு தின வாரத்தில் சோதனைகளும் கூடுதலாக இருக்கும். அன்றைக்குப் பனி பெய்யுமா, மேலே போகும் சாலையை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதை டிசம்பரிலேயே உறுதியாகச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். அதைச் சொல்லக்கூடியவர் அன்று காலை உங்கள் ஹோட்டலின் முன்மேசையில் இருப்பவர். ஆறு மணிக்கு டெல்லியில் கிளம்பும்போதே அவரை ஒரு முறை கூப்பிட்டுச் சாலை எப்படி என்று கேளுங்கள். ஸ்ரீநகரில் இறங்கியதும் இன்னொரு முறை.

நான்கு மணிக்குள் டங்மார்க்கைத் தொட முடியாத குழு அன்றிரவு ஸ்ரீநகரிலேயே தங்க வேண்டும். இது நான் என் குழுக்களுக்கு வைத்திருக்கும் விதி, இதில் விட்டுக்கொடுப்பதில்லை. உங்கள் பெங்களூர்க் குழுவின் 3.25 விமானம் இந்த விதிக்குள் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கு முன்னதாக இறங்கும் விமானம் கிடைத்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் அந்த எட்டுப் பேருக்கும் முதல் இரவு ஸ்ரீநகரில் ராஜ்பாக் பக்கமோ தால் ஏரியை ஒட்டியோ அறை போட்டுவிடுங்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் பட்டுச் சாலை இளகிய பிறகு நிம்மதியாக ஏறி வரட்டும். ஒரு ராத்திரி பிரிந்திருப்பதால் எதுவும் குறைந்துவிடாது. ஸ்கீ வகுப்பு எப்படியும் முதல் நாளில் தொடங்கப்போவதில்லை.

திரும்பி வருவதுதான் பலரும் யோசிக்காமல் விடுவது. குல்மார்க்கிலிருந்து நேராக விமான நிலையம் போகும் திட்டம் வேண்டாம். இரவு பனி பெய்தால் காலையில் இயந்திரங்கள் வந்து சாலையைத் தள்ளிச் சுத்தம் செய்த பிறகே வண்டியை இறங்க விடுவார்கள், உங்கள் விமானம் அதற்காக நிற்காது. கடைசி இரவை ஸ்ரீநகரில் வையுங்கள். அடுத்து, ஸ்ரீநகர் விமான நிலையத்தில் முனையத்துக்கு நன்றாக முன்னாலேயே ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே எல்லோரும் இறங்கி, எல்லாப் பெட்டியையும் இறக்கி, எக்ஸ்ரேயில் விட்டு, மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு குடும்பத்துக்கே கால் மணி நேரம். 23 பேர் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருங்கள். பெட்டிகளில் ஒரே நிற ரிப்பன் கட்டிவையுங்கள். அந்தச் சாவடியில்தான் பைகள் விடுபடும்.

ஸ்ரீநகரில் பனி கொட்டினால் ஒரு நாள் முழுக்க விமானங்கள் ரத்தாவதும் உண்டு. வானிலைக் காரணம் என்றால் நஷ்டஈடு கிடைக்காது. பணம் திரும்ப வாங்கவோ அடுத்த விமானம் கேட்கவோ உரிமை உண்டு. அடுத்த விமானத்தில் 23 இடம் ஒன்றாகக் கிடைக்காது. திங்கட்கிழமை கட்டாயம் அலுவலகம் போயாக வேண்டியவர் யார், பிள்ளைக்குத் தேர்வு யாருக்கு என்று முன்பே பட்டியல் வைத்திருந்தால் கிடைக்கிற இடத்தில் அவர்களை முதலில் ஏற்றலாம். இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய வந்தே பாரத் ரயில் ஸ்ரீநகரிலிருந்து கட்ராவுக்கு மூன்று மணி நேரத்தில் போகிறது. கட்ராவிலிருந்து டெல்லிக்கு ரயில்கள் உண்டு. விமானம் ரத்தாகும் நாளில் எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள் என்பதால் இடம் கிடைப்பது நிச்சயமில்லை, ஆனால் முயன்று பார்க்கலாம். ஜம்மு நெடுஞ்சாலையில் ராத்திரியில் வண்டி பிடித்துப் போவதை மட்டும் செய்யாதீர்கள். விமானத்தை நிறுத்திய அதே பனியும் மழையும் ராம்பன் பக்கத்தில் மண்சரிவையும் கொண்டுவரும். குழந்தைகளோடு நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர், குல்மார்க் சுமார் 2,650. பெரும்பாலானவர்களுக்கு இந்த உயரம் தாங்கும். முதல் நாள் கொஞ்சம் மூச்சு வாங்கலாம், தலை வலிக்கலாம். இதய நோயோ நுரையீரல் தொந்தரவோ இருந்தால் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும், அதில் என் சொல்லை எடுத்துக்கொள்ளாதீர்கள். குல்மார்க்கின் கேபிள் காரான கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,950 மீட்டருக்குப் போகிறது. அவர் முதல் கட்டத்தோடு நின்றுகொள்ளட்டும், அங்கேயே பனி வேண்டிய அளவு இருக்கும். வண்டியில் அவரை டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வளைவுகளில் வயிறு புரட்டாது, ஏறி இறங்கவும் சுலபம். வாந்தி வரும் குழந்தை இருந்தால் இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம். டங்மார்க் வரும்போது வயிறு முட்டவும் இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. துவாரகாவிலிருந்தே பொடி தடவிய இட்லி கட்டிக்கொண்டு வந்து மாகாம் தாண்டுவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அவருக்கு அடிப்பக்கம் பள்ளம் வெட்டிய ரப்பர் பூட்ஸ் ஒன்றை டெல்லியிலேயே வாங்கி, ஒரு வாரம் வீட்டுக்குள் நடக்கவிட்டுப் பழக்குங்கள். ஹோட்டல் வாசலில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து படிக்கட்டு வரைக்கும் பத்தடி தூரம் பனி கிடந்தாலும் அதைக் கடக்க அதுதான் உதவும். ஹோட்டலில் தரைத்தள அறை கேட்டு, அந்தப் பத்தடிக்கு ஒரு ஆள் கைபிடிக்க வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள்.

விமான நேரங்களை மாற்றிய பிறகு புது நேரங்களை இங்கேயே எழுதுங்கள். எந்தக் குழுவுக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்கிறேன்.